சீஃப் வருவதற்குள் சொல்லிவிடு, சாட்ஜிபிடி!

இந்த வாரம் கேள்விப் பெட்டி முழுக்க ஹவுஸ் சர்ஜன்கள். இடையில் சில பேராசிரியர்கள், ஓர் அம்மா, கடைசியில் ஒரு நோயாளி. பெயர் போடாதே என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. சீஃப்கள் தேட வேண்டாம்.

கே: ரவுண்ட்ஸில் சீஃப் என்ன கேட்பார் என்று சாட்ஜிபிடியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறேன். தப்பா?
(ஹவுஸ் சர்ஜன், தஞ்சாவூர்)

ப: தப்பே இல்லை. நாங்கள் சீனியர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டோம். அவர்கள் டீ வாங்கித் தரச் சொன்னார்கள், இது சந்தா கேட்கிறது. ஆனால் சீஃப் கேட்கும் முதல் கேள்வியோடு போனின் உதவி முடிந்துவிடும். "மஞ்சள் காமாலைக்கு என்னென்ன காரணம்?" என்பது முதல் கேள்வி. "சரி, இவருக்கு ஏன் வந்தது?" என்பது இரண்டாவது. அதற்குக் கட்டில் பக்கம் போயிருக்க வேண்டும்.

கே: நாலரை வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். இப்போது கம்ப்யூட்டரே டாக்டராகிவிடும் என்கிறார்களே, மகளுக்குச் செலவழித்த காசு?
(கவலையுள்ள அம்மா, ஈரோடு)

ப: பத்திரமாக இருக்கிறது. இந்த ஒரு வருடம் என்ன செய்கிறாள் என்று மகளையே கேளுங்கள். ரத்தம் எடுக்கிறாள், வென்ஃப்ளான் போடுகிறாள், சாம்பிளோடு லேபுக்கு ஓடுகிறாள், ரிப்போர்ட்டோடு திரும்பி ஓடி வருகிறாள், நடு ராத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிறாள். இதில் கம்ப்யூட்டர் பறிக்கக்கூடியது கடைசி வேலையைத்தான். பறிக்க வந்தால் அவளே மாலை போட்டு வரவேற்பாள்.

கே: மருத்துவப் பரீட்சையையே ஏ.ஐ. பாஸ் செய்துவிட்டதாமே. அப்புறம் எதற்கு எங்களை வார்டில் காய வைக்கிறார்கள்?
(ஹவுஸ் சர்ஜன், மதுரை)

ப: பாஸ் செய்தது உண்மைதான். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் சாட்ஜிபிடி 2023 தொடக்கத்திலேயே தேர்ச்சிக் கோட்டைத் தொட்டு நின்றது. அதே ஆண்டில் கூகுளின் மெட்-பாம் 2, அந்த வகைக் கேள்வித் தொகுப்பில் 86.5 சதவீதம் வாங்கியது. 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் 50 டாக்டர்களை இரண்டு அணியாகப் பிரித்துச் சிக்கலான கேஸ்களைக் கொடுத்தார்கள். ஓர் அணிக்கு வழக்கமான நூல்களும் இணையமும். இன்னோர் அணிக்கு அவற்றோடு ஜி.பி.டி-4-உம் உண்டு. ஏ.ஐ. துணை இருந்தவர்களுக்கு 76 மார்க், இல்லாதவர்களுக்கு 74. கிட்டத்தட்ட சமம். ஆனால் டாக்டரே இல்லாமல் ஜி.பி.டி-4-ஐத் தனியே விட்டபோது, துணையில்லாத அணியைவிட 16 புள்ளி கூடுதலாக எடுத்தது!

படித்ததும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி ஆணியில் மாட்டத் தோன்றும். பொறுங்கள். அந்தக் கேஸ்கள் காகிதத்தில் இருந்தவை. நோயாளி சொன்னது, உடம்பில் கண்டது, லேப் சொன்னது என்று எல்லாம் வரிசையாக எழுதி வைக்கப்பட்டவை. எழுதி வைத்தவர் ஒரு டாக்டர். கேஷுவாலிட்டிக்கு வருகிறவர் அப்படி வரிசையாக வருவதில்லை. "நாலு நாளா முடியல" என்பார். எங்கே முடியவில்லை என்றால் "எல்லா இடத்துலயும்" என்பார். அவரிடம் கேட்ட கேள்விக்குக் கூட வந்த மச்சான் பதில் சொல்வார். குடிப்பழக்கம் உண்டா என்று மனைவி எதிரில் கேட்டால் ஒரு விடை. மனைவி சீட்டு வாங்கப் போனபின் கேட்டால் வேறு விடை. இந்தக் களேபரத்திலிருந்து அந்த நாலு சுத்தமான வரிகளைப் பிரித்தெடுக்கப் பழகத்தான் உங்களை வார்டில் காய வைக்கிறார்கள்.

கே: ஏ.ஐ. வந்தால் சீஃப் திட்டுவது குறையுமா?
(ஹவுஸ் சர்ஜன், செங்கல்பட்டு)

ப: குறையாது. "இதைக்கூடப் படிக்கலையா?" என்பது "இதைக்கூடக் கேட்டு வைக்கலையா?" என்று மாறும்.

கே: கம்ப்யூட்டரால் பயிற்சி டாக்டர்கள் நிஜமாகவே தேறினார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுங்கள், பார்ப்போம்.
(முதுநிலை மாணவி, வேலூர்)

ப: அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்பவரின் குழு, திடீர் வயிற்றுவலியோடு வருகிறவர்களின் அறிகுறிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. அது நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, குடல்வாலா, பித்தப்பையா, குடல்புண் ஓட்டையா என்று சொல்லும். 1972-இல் முடிவை வெளியிட்டார்கள். 304 நோயாளிகளில் கம்ப்யூட்டர் 91.8 சதவீதம் சரி. அவர்களைப் பார்த்த டாக்டர்களில் மூத்தவர் 79.6 சதவீதம். ஐம்பது வருடமாக எல்லோரும் இந்த இரண்டு எண்களைத்தான் மேடையில் சொல்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அதே குழு இரண்டு வருடம் கழித்து எழுதியது. சோதனை நடந்த காலத்தில் டாக்டர்களே தேறிவிட்டார்கள்! அறுவைக்கு முன்பே குடல்வால் வெடித்துப்போவது 36 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கியது. வீணாக வயிற்றைத் திறந்து பார்ப்பதும் குறைந்தது. காரணம் இதுதான்: கம்ப்யூட்டருக்குத் தீனி போட ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கட்டம் கட்டமாகக் கேட்டு எழுத வேண்டும். "வயிற்றுவலி, இரண்டு நாள்" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போக முடியாது. அதோடு, தான் சொன்னது சரியா தப்பா என்பதும் டாக்டருக்கு அடிக்கடி தெரிந்துகொண்டே இருந்தது. சோதனை முடிந்து கம்ப்யூட்டர் போனது. எண்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்பி நடந்தன.

லீட்ஸ் கம்ப்யூட்டருக்குச் சாமர்த்தியம் போதாது, அதனால் டாக்டரை வேலை வாங்கியது. இன்றைய ஏ.ஐ. மகா சமர்த்து. அரைகுறையாக இரண்டு வரி தட்டினாலும் முகம் சுளிக்காமல் பத்து நோய்களைத் தட்டில் வைத்து நீட்டுகிறது. பயிற்சி மருத்துவருக்கு இந்த விருந்தோம்பல் ஆகாது. "முதலில் நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, எதைக் கேட்டாய், எதைத் தொட்டுப் பார்த்தாய் என்று சொல், அப்புறம்தான் நான் வாய் திறப்பேன்" என்று அடம் பிடிக்கும் ஏ.ஐ.தான் வார்டுக்கு வேண்டும். அப்படி ஒன்றை உண்டாக்குவது கஷ்டமான தொழில்நுட்பமும் இல்லை. விற்பதுதான் கஷ்டம், அடம் பிடிக்கும் சரக்கை யார் வாங்குவார்கள்?

கே: ஹவுஸ் சர்ஜன்கள் எழுதும் கேஸ் ஷீட் இப்போதெல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கிறது. ஏ.ஐ. எழுதியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(உதவிப் பேராசிரியர், சேலம்)

ப: ஏ.ஐ. வருவதற்கு முன்னால் மட்டும் என்ன வாழ்ந்தது, சார்? "எஸ்1 எஸ்2 கேட்கிறது, மூச்சொலி இயல்பு, வயிறு மிருது." இந்த மூன்று வரிகள் நோயாளி கட்டிலில் ஏறுவதற்கு முன்பே கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். ஒரு பக்க நுரையீரலே இல்லாதவருக்கும் இரு பக்கமும் காற்று சமமாகப் போய்க்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க வழி: கேஸ் ஷீட்டை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, "இவர் என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யார் சமைக்கிறார்கள், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேளுங்கள். மடமடவென்று சொல்லிவிட்டால் விடுங்கள், எழுதியது யாராக இருந்தால் என்ன?

கே: ஏ.ஐ. கோட்டைவிடும், ஹவுஸ் சர்ஜன் பிடித்துவிடும் ஒரு கேஸ் சொல்லுங்கள், டாக்டர். எங்களுக்கும் கொஞ்சம் தெம்பு வரட்டும்.
(பயிற்சி மருத்துவர், தர்மபுரி)

ப: விடியற்காலை நாலு மணி. காட்டு வேலை செய்யும் இளைஞர். வயிற்றுவலி, வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிறு மிருதுதான். இந்த வரிகளைத் தட்டினால் கேஸ்ட்ரைட்டிஸ், கெட்டுப்போன சாப்பாடு, கணைய அழற்சி என்று நீளமாக ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றும் நியாயமானது. நீங்கள் கூடுதலாக ஒன்றே ஒன்று கேட்கிறீர்கள்: "ராத்திரி எங்கண்ணே படுத்தீங்க?"

"தரையிலதான், டாக்டர்."

அவ்வளவுதான். டார்ச்சை எடுத்து இமையைப் பாருங்கள். தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள். இமை சரிய ஆரம்பித்திருந்தால் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள். ராத்திரியில் தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி என்று வருவார், அப்புறம் இமை, அப்புறம் மூச்சுத் தசைகள். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் நேரத்துக்குக் கிடைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். வயிற்று அமிலத்துக்கு ஒரு பான்டாப் ஊசி போட்டு ஓரமாகப் படுக்க வைத்தால் போக மாட்டார்.

ஏ.ஐ.க்குக் கட்டுவிரியன் தெரியாது என்று நான் சொல்லவில்லை. "தரையில் தூங்கியவர், இமை சரிகிறது" என்று சேர்த்துத் தட்டிப் பாருங்கள், முதலில் பாம்புதான் வந்து நிற்கும். அந்த இரண்டு தகவலும் கட்டிலில் கிடந்தன. யாராவது போய் எடுத்து வர வேண்டியிருந்தது.

கே: ஏ.ஐ.யை நோயாளியாக நடிக்க வைத்துப் பழகலாமா?
(இறுதியாண்டு மாணவி, கோவை)

ப: தாராளமாக. நான் மனசாரச் சிபாரிசு செய்கிற உபயோகம் இது. ஆட்களை நோயாளிகளாக நடிக்க வைத்துப் பாடம் நடத்துவதை 1963-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். அதற்கு ஆள், பணம், நேரம் மூன்றும் வேண்டும். நம் கல்லூரிகளில் மூன்றுக்குமே பஞ்சம். "நீ 55 வயது ஆட்டோ டிரைவர். உனக்குப் புற்றுநோய் என்று சொல்லப் போகிறேன். கோபப்படு" என்றால் ஏ.ஐ. ராத்திரி இரண்டு மணிக்கும் கோபப்படும். நிஜ மனிதர் முன்னால் வாய் குழறுவதற்குப் பதில் அங்கே குழறிவிட்டு வரலாம்.

ஒரு குறை: ரொம்ப நல்ல நோயாளி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். நடுவில் போன் வராது. "இத்தனை கேக்கறியே தம்பி, பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்காது. அதையும் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

கே: ஏ.ஐ. பொய் சொல்லுமா?
(வாசகி, கும்பகோணம்)

ப: இல்லாத ஆராய்ச்சிக் கட்டுரையை ஆண்டு, பக்க எண்ணோடு மேற்கோள் காட்டும். அது பரவாயில்லை, தேடிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். உண்மையான கணக்கிலிருந்து தப்பான பாடம் கற்றுக்கொள்வதுதான் பயங்கரம். 1990-களில் பிட்ஸ்பர்க்கில் நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்கக் கம்ப்யூட்டர்களைப் பழக்கினார்கள். ஒன்று சொன்னது: ஆஸ்துமா இருந்தால் நிமோனியாவில் இறக்கும் வாய்ப்பு குறைவு! கணக்கு சரிதான். ஆஸ்துமாக்காரர்களுக்கு நிமோனியா என்றதும் டாக்டர்கள் பதறிப்போய் நேரே ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள், அதனால் பிழைத்தார்கள். அதைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அதன் பேச்சைக் கேட்டிருந்தால் ஆஸ்துமாக்காரரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்போம். நல்ல வேளையாக, சொன்ன காரணத்தைப் படிக்க முடிகிற கம்ப்யூட்டர் அது. காரணத்தை வெளியே காட்டாத இன்னொன்று அதைவிடத் துல்லியமாகக் கணித்தது. அதற்குள்ளே எத்தனை ஆஸ்துமா இருந்ததோ! அதை நோயாளிகளிடம் விட ஆய்வாளர்கள் துணியவில்லை.

கே: கூகுள் மேப் வந்து ஊர்வழி மறந்த மாதிரி, ஏ.ஐ. வந்து டாக்டர்களுக்கு வைத்தியம் மறக்குமா?
(வாசகர், திருநெல்வேலி)

ப: போலந்திலிருந்து சேதி வந்திருக்கிறது. 2025-இல் வெளியான ஆய்வு. நாலு மையங்களில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் அனுபவசாலி டாக்டர்கள். புற்றாக மாறக்கூடிய கட்டிகளைக் காட்டிக்கொடுக்க ஏ.ஐ. வைத்தார்கள். பழகிய பின், ஏ.ஐ. இல்லாமல் செய்த பரிசோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், கட்டி கண்டுபிடித்த விகிதம் முன்பு 28.4 சதவீதம், பின்பு 22.4. ஓர் ஆய்வை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது; வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் 2,000-க்கும் மேல் செய்து கை தேர்ந்தவர்கள். அவர்களிடம் மறப்பதற்காவது ஏதோ இருந்தது. ஹவுஸ் சர்ஜனுக்கு மறக்க இன்னும் எதுவும் சேரவில்லை. கற்ற வித்தை துருப்பிடித்தால் தீட்டிக்கொள்ளலாம், கற்காத வித்தையை எங்கே போய்த் தீட்டுவது?

கே: கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இனி அலங்காரம்தானே?
(ஹவுஸ் சர்ஜன், சென்னை)

ப: அதை ஏ.ஐ. தலையில் கட்டாதீர்கள். 1997-இல் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கு 12 வகை இதய ஒலிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஐந்தில் ஒன்றைத்தான் சரியாகச் சொன்னார்கள். மாணவர்களைவிட அவர்கள் பெரிதாகத் தேறியிருக்கவில்லை. எக்கோவும் ஸ்கேனும் அப்போதே காதை அடைத்துவிட்டன. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான ஆபிரகாம் வர்கீஸ், 2008-இல் 'ஐ-பேஷன்ட்' என்று ஒரு பெயர் வைத்தார். கம்ப்யூட்டர் திரைக்குள் இருக்கிற நோயாளி. அவருக்கு ராஜ கவனிப்பு நடக்கிறது. கட்டிலில் இருக்கிற ஆள், எப்போது வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மெட்ராஸ் வார்டுகளில் உடம்பைத் தொட்டுப் படித்தவர் அமெரிக்கா போய் அதையே பாடமாக நடத்துகிறார். நாம் இங்கே ஸ்கேன் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கே: எங்கள் மருத்துவமனைக்கு ஒரு ஏ.ஐ. மென்பொருள் விற்க வருகிறார்கள். என்ன கேட்கட்டும்?
(மருத்துவக் கண்காணிப்பாளர், ஊர் வேண்டாம் என்றார்)

ப: "எங்கள் வார்டில், எங்கள் கரண்டில், எங்கள் நோயாளிகளிடம் சோதித்துக் காட்டு" என்று கேளுங்கள். கண் விழித்திரையைப் பார்த்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைச் சொல்லும் கூகுள் ஏ.ஐ.யைப் பழக்கிய படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் உண்டு. 2016-இல் வந்த முடிவு பிரமாதம். அதையே தாய்லாந்தின் 11 சுகாதார மையங்களுக்குக் கொண்டுபோனபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தரம் போதாது என்று திருப்பித் தள்ளியது. அறை சரியாக இருட்டவில்லை. நர்ஸ்கள் போராடிப் பார்த்தார்கள். இன்னொன்று, கிருமித் தொற்றால் உடம்பே நிலைகுலையும் செப்சிஸை முன்கூட்டிச் சொல்லும் எபிக் நிறுவனத்தின் மென்பொருள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடியது. 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சரிபார்த்தபோது, செப்சிஸ் நோயாளிகளில் 67 சதவீதத்தைக் கோட்டைவிட்டிருந்தது. சேர்க்கப்பட்ட மொத்த நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு மணியும் அடித்திருந்தது. ராத்திரி முழுக்க அந்த மணிக்கு ஓடுகிறவர் யார்? ஹவுஸ் சர்ஜன்தான்.

கே: எக்ஸ்ரேயைப் போனில் படம் பிடித்து ஏ.ஐ.யிடம் காட்டலாமா?
(ஹவுஸ் சர்ஜன், திருச்சி)

ப: எக்ஸ்ரே மூலையில் ஒருவரின் பெயர், வயது, ஐ.பி. எண் எல்லாம் இருக்கிறது. அவர் அதை உங்களிடம் காட்டினார், அமெரிக்கக் கம்பெனியிடம் இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தாயிற்று. தவிர, எக்ஸ்ரே படிக்கவென்றே பழக்கி, சோதித்த மென்பொருள்கள் தனியாக உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காசநோய் அறிகுறி பார்க்க அந்த வகையை உலக சுகாதார நிறுவனமே 2021-இல் ஏற்றுக்கொண்டது. ஜன்னல் வெளிச்சத்தில் ஆடிக்கொண்டே எடுத்த போட்டோவைச் சாட் பெட்டியில் போடுவது வேறு கதை. படத்தை பி.ஜி.யிடம் (முதுநிலை மாணவரிடம்) காட்டுங்கள். திட்டுவார், ஆனால் ரகசியம் காப்பார்.

கே: ஏ.ஐ. சொல்லி நான் மருந்து எழுதி, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?
(ஹவுஸ் சர்ஜன், விழுப்புரம்)

ப: நீங்கள், உங்களுக்கு மேல் பி.ஜி., அவருக்கு மேல் யூனிட் சீஃப். ஏ.ஐ.க்கு மருத்துவக் கவுன்சில் பதிவு எண் கிடையாது. உங்களுக்கே தற்காலிகப் பதிவுதான். இறப்புச் சான்றிதழில்கூடத் தனியாகக் கையெழுத்துப் போட முடியாத வருடம் இது. விசாரணை அறையில் "சாட்ஜிபிடிதான் சொன்னது சார்" என்றால், அடுத்த நாற்காலியில் அது உட்கார்ந்திருக்காது.

கே: ஹவுஸ் சர்ஜன்களை வார்டிலிருந்து விரட்டுவது ஏ.ஐ.யா, நீட் பி.ஜி.யா?
(ஓய்வு பெற்ற பேராசிரியர், தூத்துக்குடி)

ப: நீட் பி.ஜி. போட்டியே இல்லை. கட்டில் பக்கம் நின்றதற்கு அதில் அரை மார்க்கும் கிடையாது. பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்?

கே: என் யூனிட்டில் ஏ.ஐ.யை அனுமதிக்கலாம் என்றிருக்கிறேன். என்ன நிபந்தனை போடலாம்?
(பொது மருத்துவப் பேராசிரியர், புதுச்சேரி)

ப: முதலில் பேனா. நோயாளியைப் பார்த்த கையோடு, என்னவாக இருக்கலாம் என்று மூன்று எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாக ஒன்று, எதிராக ஒன்று, பக்கத்தில் மணி. அதன் பிறகு போனை எடுக்கலாம். எடுத்தாலும் "இது என்ன நோய்?" என்று கேட்கக் கூடாது. "நான் எதைக் கேட்க மறந்தேன்? எதைப் பரிசோதிக்க மறந்தேன்?" என்றுதான் கேட்க வேண்டும். பதில் வந்ததும் திரும்பவும் கட்டிலுக்குப் போக வேண்டும். தன் பட்டியலும் அதன் பட்டியலும் எங்கே முரண்பட்டன என்பதை ரவுண்ட்ஸில் சொல்ல வேண்டும். நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில், கடைசியில் தெரிந்த நோயை அந்தப் பழைய தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேஷுவாலிட்டியில் மூச்சுத் திணறலோடு ஆள் கிடக்கும்போது போன் சட்டைப்பைக்குள் இருக்கட்டும். இன்னொரு நிபந்தனை உங்களுக்கு, சார். அந்தத் தாள்களை நீங்கள் படிக்க வேண்டும். படிக்கும் வேலையையும் ஏ.ஐ.யிடம் கொடுத்துவிட்டால், யூனிட்டில் மூளையை உபயோகிக்கிற ஒரே ஆள் நோயாளி என்று ஆகிவிடும்.

கே: என்னைப் பரிசோதித்த ஹவுஸ் சர்ஜன் நடுவில் போனை எடுத்துப் பார்த்தார். பயப்படலாமா?
(நோயாளி, 14-ஆம் நம்பர் படுக்கை)

ப: "என்ன பாக்கறீங்க, தம்பி?" என்று கேட்டுவிடுங்கள். மருந்தின் அளவைச் சரிபார்க்கிறேன் என்றால் சந்தோஷப்படுங்கள். பார்க்காமல் குத்துமதிப்பாகப் போடுகிறவரைவிட இவர் எவ்வளவோ மேல். உங்கள் நோய் என்னவென்று தேடுகிறேன் என்றால், "இன்னும் ரெண்டு விஷயம் சொல்லலை, அதையும் கேட்டுட்டுத் தேடுங்க" என்று உட்கார வைத்துச் சொல்லுங்கள். கிரிக்கெட் ஸ்கோர் என்றால், எத்தனை விக்கெட் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பி.ஜி. டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.